தலைப்பகைவன்: டேர்டெவில் படக்கதையில் கிங்பின் பெற்ற இடம்

கதைத் தலைவன் ஒருவனுக்குப் பகைவர் பலர் இருப்பினும், அவருள் ஒருவனே அவனுக்கு உரிய பகைவனாகக் கற்போர் நெஞ்சில் நிற்கிறான். ஏனையோர் வருவர், தோற்பர், மறைவர். வடமொழி நாடக நூலார் பிரதிநாயகன் என ஒரு பாத்திரத்தை வகுத்துள்ளனர். ஆயின் அவர் வகுத்தது, தொடக்கமும் முடிவும் அறிந்த ஒரே புலவன் யாத்த நூலுக்கே பொருந்துவதாகும். அமெரிக்க நாட்டுப் படக்கதைகளின் நிலை வேறு. ஆசிரியர் மாற, ஓவியர் மாற, ஐம்பது அறுபது ஆண்டுகள் இடையறாது வளரும் கதையில், 'இவனே தலைப்பகைவன்' என எவரும் முதற்கண் வகுத்து வைப்பதில்லை. வகுத்தாலும் அது நிலைப்பதில்லை. பின், அத்தகைய பகைவன் யாங்ஙனம் உருவாகிறான் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வினாவுக்குப் பொதுவாகக் கூறப்படும் விடைகள் சில உள. தலைவனோடு ஒருங்கு தோன்றிய பகைவனே தலைப்பகைவன் ஆவான் என்பர் ஒரு சாரார். பேட்மேன் பெயரால் 1940-இல் வெளிவந்த தனியிதழின் முதல் எண்ணிலேயே ஜோக்கர் தோன்றியதனை அவர் சான்று காட்டுவர். பன்முறை தோன்றுதலே காரணம் என்பர் சிலர். வலிமை மிகுதியே காரணம் என்பர் வேறு சிலர். இவை யாவும் ஓரளவு உண்மையே எனினும், நிகழ்ந்து முடிந்ததைக் கண்டபின் கூறும் விடைகளாதலின், காரணத்தை விளக்க மாட்டா. ஆதலின் இவ்விடைகளுள் ஒன்றும் பொருந்தாத ஒரு பாத்திரத்தைத் தெரிந்து நோக்குதலே நெறி. கிங்பின் அத்தகையவன். அவன் டேர்டெவிலுக்காகப் படைக்கப்பட்டவன் அல்லன். டேர்டெவில் தோன்றிப் பதினேழு ஆண்டுகள் கழிந்த பின்னரே அக்கதையுள் புகுந்தான். மாந்தர்க்கு மேற்பட்ட ஆற்றல் எதுவும் இல்லாதவன். எனினும் இன்று டேர்டெவிலின் பகைவன் யார் என வினவின், எவரும் அவன் பெயரையே கூறுவர்.

கிங்பின் முதன்முதல் தோன்றியது ஸ்பைடர்மேன் கதையில் ஆகும். 1967-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிட்டு வெளிவந்த 50-ஆம் இதழில், ஸ்டான் லீயும் ஜான் ரொமிட்டாவும் அவனைப் படைத்தனர். ஸ்பைடர்மேன் மனம் வெறுத்துத் தன் உடையைக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டுச் செல்லும் புகழ்பெற்ற கதை அது. காவல் நீங்கிய நகரில், சிதறிக் கிடந்த திருட்டுக் கூட்டங்களை ஒரு குடைக்கீழ்க் கொணர முயல்கிறான் கிங்பின். மழித்த தலை, மலை போன்ற உடல், வெண்ணிற மேற்சட்டை, கையில் ஒரு கோல்: ஓவியர் தந்த உருவம் முதல் நாளிலேயே முழுமை பெற்றுவிட்டது. கொழுப்பெனத் தோன்றுவது அனைத்தும் தசையே என்னும் செய்தியும் அப்பொழுதே கூறப்பட்டுவிட்டது. பின்னர் வில்சன் ஃபிஸ்க் என்னும் இயற்பெயரும், வனெஸா என்னும் மனைவியும், ஒரு மகனும் அவனுக்கு அமைந்தனர். பாத்திரத்துக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் நிரம்பியிருந்தன என்றே கூறலாம்.

ஆயினும் ஸ்பைடர்மேன் கதையில் அவன் பலருள் ஒருவனாகவே நின்றான். காரணம் தெளிவு. ஸ்பைடர்மேனின் துயரம் இல்லத்துத் துயரம். சிற்றப்பன் இறந்தது, சிற்றன்னையின் நோய், நண்பனின் வருத்தம், காதலியின் ஐயம் ஆகியவற்றால் நெய்யப்பட்டது. அவ்வில்லத்துள் புகவல்ல பகைவனே அவனை உள்ளவாறு தாக்க முடியும். கிரீன் காப்ளின் எனப்படுவோன் அங்ஙனம் புகுந்தான். அவன் தலைவனுடைய நண்பனின் தந்தை. 1973-இல் தலைவனின் காதலி க்வென் ஸ்டேசியைக் கொன்றவனும் அவனே. கிங்பினுக்கு அவ்வீட்டு வாயில் திறக்கவில்லை. புகைப்படம் எடுத்துப் பிழைக்கும் ஒரு மாணாக்கனுக்கும், நகரின் கள்ள வாணிகம் முழுதும் ஆளும் ஒருவனுக்கும் இடையே மோதல் நிகழலாம், உறவு நிகழாது.

இனி டேர்டெவிலை நோக்குவோம். 1964-இல் ஸ்டான் லீயும் பில் எவரெட்டும் படைத்த இத்தலைவன் மாட் மர்டாக், கண்பார்வை இழந்தவன். சிறுவனாயிருந்தபொழுது, வண்டியில் அடிபட இருந்த ஒருவரைக் காக்கச் சென்று, கதிரியக்கப் பொருள் கண்ணிற்பட்டுப் பார்வை இழந்தான். ஏனைப் புலன்கள் பன்மடங்கு கூர்மை பெற்றன. குத்துச்சண்டை வீரனாகிய அவன் தந்தை, தோற்குமாறு ஏவப்பட்ட போட்டியில் தோற்க மறுத்தமையால் கொல்லப்பட்டான். மகன் சண்டையில் இறங்காது கல்வி கற்க வேண்டும் என்பது அத்தந்தையின் விருப்பம். மகனும் கற்றான்; வழக்கறிஞன் ஆனான். ஆயின் இரவில் முகமூடி அணிந்து, தந்தை விலக்கிய சண்டையையே மேற்கொண்டான். பகலில் சட்டத்தைப் போற்றுவோன் இரவில் அதனைக் கடக்கிறான். இம்முரண் முதல் இதழிலேயே வித்திடப்பட்டது. வியப்பு யாதெனின், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவ்வித்து முளையாமலே கிடந்தது என்பதாம்.

முளையாமைக்கு அவன் எதிர்கொண்ட பகைவரே காரணம் என்பது எம் கருத்து. ஆந்தை என்னும் பெயர் பூண்டோன் ஒருவன். நெடுங்கால் பொறியேறி மாடிகளைக் கொள்ளையிடுவோன் ஒருவன். காளைச் சண்டை வீரன் ஒருவன். இவர்களோடு பொருத வழக்கறிஞன் வேண்டுவதில்லை, கண்ணில்லாதவனும் வேண்டுவதில்லை. எவ்வீரனாயினும் பொருதிருக்கலாம். இரண்டாம் இதழிலேயே ஸ்பைடர்மேனின் பகைவனாகிய எலெக்ட்ரோவை இரவல் பெற்றனர். அவ்விரவல் ஒட்டவில்லை. ஆகவே, பிறன் பகைவனைக் கொணர்ந்த அளவானே ஒன்றும் விளைந்துவிடாது என்பதும் இதனாற் பெறப்படும்.

ஃபிராங்க் மில்லர் 1979-இல் 158-ஆம் இதழ் தொடங்கி டேர்டெவிலை வரையலானார். அப்பொழுது அஃது இரு திங்களுக்கு ஒருமுறை வெளிவந்த இதழ். 1981 ஜனவரியில் வெளிவந்த 168-ஆம் இதழ் முதல் கதை எழுதும் பொறுப்பும் அவருடையதாயிற்று. அதே ஆண்டு மே மாதத்து 170-ஆம் இதழில் கிங்பினைக் கொணர்ந்தார். கொணர்ந்த முறை கருதத்தக்கது. கிங்பின் அப்பொழுது மனைவியின் பொருட்டுத் தீத்தொழில் துறந்து ஜப்பானில் வாழ்கிறான். பழைய துணைவர்களின் குற்றங்களுக்குச் சான்றாகும் ஆவணங்களை அரசினரிடம் ஒப்படைக்கவும் இசைகிறான். அத்துணைவரோ அவனைக் கொல்ல ஆளேவுகின்றனர். வனெஸா கவரப்படுகிறாள், இடிந்து வீழ்ந்த கட்டடத்தில் இறந்தாள் எனக் கருதப்படுகிறாள். சட்டத்தின் பக்கம் ஓரடி வைத்தவன் மீண்டும் இருளுள் திரும்புகிறான். ஆகவே, டேர்டெவில் கதையுள் கிங்பின் நுழைந்ததே சட்டத்தின் வாயில் வழியாகத்தான். ஸ்பைடர்மேன் கதையில் இல்லாத வாயில் இது.

இங்கே தலைவனின் புலனாற்றலைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். மர்டாக் எதிரில் நிற்போரின் நெஞ்சத் துடிப்பைக் கேட்க வல்லவன். பொய் கூறுவோனை அத்துடிப்பே காட்டிக் கொடுக்கும். எனவே அவன் அறியாத உண்மை இல்லை. ஆயின் அவ்வறிவு நீதிமன்றத்தில் செல்லாது. 'இவன் நெஞ்சம் விரைந்து துடித்தது' என எந்த நீதிபதியிடம் கூற இயலும்? சிறு கள்வரோடு பொருதபொழுது இக்குறை புலப்படவில்லை; அவர்கள் கையும் களவுமாகப் பிடிபடுவர். கிங்பினோ கையாற் குற்றம் செய்யாதவன். உயர்ந்த மாளிகையில் வணிகப் பெருமகனாக வீற்றிருப்பவன். அவன் யார் என்பதை நகரம் அறியும், காவலர் அறிவர், செய்தித்தாள் எழுதுவோர் அறிவர். மெய்ப்பிக்கத்தான் எவராலும் இயலவில்லை. அறிவுக்கும் சான்றுக்கும் இடையே உள்ள இவ்வெளியிலேதான் மர்டாக் தன் முகமூடியை அணிகிறான். அதே வெளியிலேதான் கிங்பின் தன் அரசை அமைத்திருக்கிறான். ஒருவன் சட்டத்தை மதித்தும் கடக்கிறான். மற்றவன் கடந்தும் அதன் மதிப்பைப் பெறுகிறான். இருவரும் ஒரே வேலியின் மேல் நிற்பவர். பகைவன் வந்து நின்ற பின்னரே அங்கு வேலி உண்டு என்பது நமக்குத் தெரிகிறது. தலைப்பகைவன் என யாம் கூறுவது இவனையே.

ஓவியமும் இதற்குத் துணை செய்கிறது. மில்லர் வரைய, கிளாஸ் ஜான்சன் மைதீட்டிய பக்கங்களில் கிங்பின் கட்டத்தை நிரப்பி நிற்கிறான். டேர்டெவிலோ கட்டத்தின் குறுக்கே பாய்ந்து செல்லும் மெல்லிய கோடு. ஒருவன் கூரை மேலிருந்தும் ஒருவன் மாளிகைச் சாளரத்திலிருந்தும் ஒரே நகரை நோக்குகின்றனர். 

1982-இன் 180-ஆம் இதழில் இவ்வுறவு முதன்முறை முழுதாக வெளிப்படுகிறது. நகரத் தலைமைப் பதவிக்குக் கிங்பின் தன் ஆளொருவனை நிறுத்தியிருக்கிறான். நகரின் அடிநிலச் சாக்கடைகளில் நினைவிழந்து உழலும் வனெஸாவை டேர்டெவில் காண்கிறான். அவள் கணையாழியைக் கொண்டு சென்று கிங்பின் முன் வைத்து, ஆள் விலகினால் மனைவி கிடைப்பாள் எனப் பேரம் பேசுகிறான். வெற்றி பெறுகிறான். ஆயின் அவ்வெற்றி எத்தகையது? ஒருவன் அன்பையே பிணையாக வைத்துக் காரியம் முடிப்பது கிங்பினின் வழி. அன்று அவ்வழியை மேற்கொண்டவன் வழக்கறிஞன் மர்டாக். கதை அதனைப் பெரிதுபடுத்திக் கூறவில்லை; கூறாமையே அதன் சிறப்பு.

புல்ஸ்ஐ என்னும் கொலைஞனே டேர்டெவிலின் தலைப்பகைவன் என்பாரும் உளர். 1976-இல் அக்கதைக்கெனவே படைக்கப்பட்டவன் அவன். 1982-இன் 181-ஆம் இதழில் தலைவனின் காதலி எலெக்ட்ராவைக் கொன்றவன். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கது அன்று. தலைவன் அவனால் பட்ட துயர் பெரிது. ஆயினும் புல்ஸ்ஐ தாக்குவது மர்டாக் என்னும் மனிதனை மட்டுமே. அவன் வாழ்வின் இருமையை அன்று. குறி தப்பாது எறிவோன் எந்த வீரனின் காதலியையும் கொல்லலாம். எலெக்ட்ராவைக் கொன்ற காலத்தும், கிங்பினின் கூலியாளாகும் இடத்தைப் பெறுவதே அவன் நோக்கமாயிருந்தது என்பது மறக்கற்பாலது அன்று.

இனி, 1986-இல் 227 முதல் 233 வரையுள்ள ஏழு இதழ்களில் மில்லர் எழுத, டேவிட் மாட்சுகெல்லி வரைந்த 'பார்ன் அகெய்ன்' என்னும் கதையே இவ்வாராய்ச்சிக்கு மையமாவது. முன்னாளில் மர்டாக்கின் அலுவலகத்தில் பணிபுரிந்தவளும் அவன் காதலியுமாகிய கேரன் பேஜ், போதைப்பொருளுக்கு அடிமையாகி, ஒருவேளை மருந்துக்காக அவன் மறைபெயரை விற்றுவிடுகிறாள். அச்செய்தி கைமாறிக் கைமாறிக் கிங்பினிடம் சேர்கிறது. அதனைத் தொட்டோர் அனைவரையும் கொல்லுமாறு பணித்துவிட்டு, அவன் தன் செயலைத் தொடங்குகிறான். வேறு பகைவனாயின் வாளோடு வீடு புகுந்திருப்பான். கிங்பினோ வரி அலுவலகத்தின் வழியாகவும், வங்கியின் வழியாகவும், பொய்ச்சான்று கூறும் ஒரு காவல் அதிகாரியின் வழியாகவும் வருகிறான். கணக்குகள் முடக்கப்படுகின்றன, வழக்குரைக்கும் உரிமை பறிக்கப்படுகிறது. எல்லாம் முத்திரையிட்ட தாள்களால் நிகழ்கின்றன. சட்டத்தால் வாழ்ந்தவனைச் சட்டத்தின் கருவிகளே உண்கின்றன.

இது யார் செயல் என மர்டாக்குக்குத் தெரியவில்லை. ஊழ் என்றே மயங்குகிறான். இறுதியில் அவன் வீடு வெடித்துச் சிதறுகிறது. இடிபாட்டிடையே தன் செந்நிற உடையின் கிழிசலைக் கண்டபொழுது, இது ஒருவனின் கைத்திறன் என உணர்கிறான். இங்கே கிங்பின் செய்த பிழை கூர்ந்து நோக்கத்தக்கது. தாள்களோடு நின்றிருந்தால் அவன் வென்றிருப்பான். தன் பகைமையைப் பகைவன் அறிய வேண்டும் என்னும் ஆசை அவனை மீறிற்று. வணிகனாக அன்றிப் பகைவனாக அவன் செய்த முதற்செயல் அதுவே. அடித்து நொறுக்கி ஒரு வாடகை வண்டியில் அடைத்து ஆற்றில் அமிழ்த்திய பின்னும் மர்டாக்கின் உடல் கிடைக்கவில்லை என்னும் செய்தி கிங்பினை அரிக்கத் தொடங்குகிறது. அன்று முதல் அவனும் தன் அமைதியை இழந்தவனே. அடுத்தடுத்த இதழ்களின் தொடக்கத்தில் மாட்சுகெல்லி தலைவனைச் சுருண்டு கிடப்பவனாக வரைகிறார்: விடுதிக் கட்டிலில், தெருக்குப்பையிடையே, பின்னர்க் கன்னித்துறவியர் இல்லத்தில். எல்லாம் இழந்தவன் எழுகிறான். எல்லாம் உடையவன் சரிகிறான். வெறி பிடித்த போர்வீரன் ஒருவனை நகர்ப்பகுதியில் ஏவிப் பலர் மடியக் காரணமாகிய பின், அதுகாறும் காத்த நற்பெயரே கிங்பினுக்கு இல்லாமற் போகிறது.

இக்கதையின் பெருமையை ஒப்புக்கொள்ளும் அதே வேளையில், அதன் மறுவொன்றையும் கூறாதிருத்தல் நேர்மையன்று. இப்பகைமை வளர்ந்த ஒவ்வொரு படியிலும் ஒரு பெண் விலையாகத் தரப்பட்டிருக்கிறாள். வனெஸா நினைவிழக்கிறாள், எலெக்ட்ரா இறக்கிறாள், கேரன் இழிவுறுகிறாள். முன்னிருவர்க்கேனும் மில்லர் தனி உள்ளம் தந்தார். கேரன் எவ்வாறு அந்நிலைக்குத் தாழ்ந்தாள் என்பதற்குக் கதை தரும் விளக்கம் மிகச் சிறிது. முதல் இதழ் தொட்டு வந்த பாத்திரத்தை, மறைபெயர் கைமாறுவதற்கு ஒரு வழியாக மட்டும் ஆசிரியர் பயன்படுத்தினார் என்றே கூறல் வேண்டும். தலைவனும் பகைவனும் ஒருவர்க்கொருவர் கண்ணாடியாக நிற்கும் கதைகளில், இடைநிற்போர் இவ்வாறு நிழலாகித் தேய்வது பெருவழக்கு.

பின்வந்த ஆசிரியர் எவரும் இவ்வுறவைக் கலைக்க முற்படவில்லை. ஸ்பைடர்மேன் கதைகளில் கிங்பின் இன்றும் வருகிறான். எனினும் விருந்தினன்போலவே வருகிறான். 2015-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரும் டேர்டெவிலின் முதற்பருவத்தையே அவர்கள் இருவரும் ஒருங்கு உருவாகும் கதையாக அமைத்தது. ஆயின் மில்லர் கணையாழிப் பேரத்தில் தொட்டுவிட்டுச் சென்றதனை அதன் எல்லை வரை கொண்டு சென்றவர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ். 2003-இல் அவர் எழுதிய, புதுவரிசை 50-ஆம் இதழில், டேர்டெவில் கிங்பினை அடித்து வீழ்த்துகிறான். அவன் உடலை இழுத்துச் சென்று, கள்வர் கூடும் மதுக்கடையொன்றில் எல்லார் முன்னிலையிலும் எறிகிறான். சட்டத்திடம் அவனை ஒப்படைக்கவில்லை. தன் முகமூடியைக் களைந்து நின்று, இனி இப்பகுதியின் கிங்பின் தானே என அறிவிக்கிறான்.