மேடேறும் கூம்பு

1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம் நிலையத்தில், எதிர் நடைமேடையிலிருந்து பெட்டியின் சக்கரத்தைக் கவனியுங்கள். தண்டவாளத்தில் படும் பரப்பு தட்டையாக இராது. உட்புறம் பருத்து, வெளியே போகப்போக மெலியும். பழைய கணக்கில் 20-க்கு 1 சரிவு. அச்சோடு சேர்த்துப் பார்த்தால் அது ஓர் இரட்டைக் கூம்பு. எனக்கு அந்த நிலையத்திலேயே மிகப் பிடித்த வேலைப்பாடு இதுதான்.

1694-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் வில்லியம் லேபர்ன் எழுதிவைத்த வேடிக்கையும் இதே உருவம். இரண்டு புனல்களை வாயோடு வாய் ஒட்டி, உயர உயர விரிந்துபோகும் இரண்டு குச்சிகளின் தாழ்ந்த முனையில் வையுங்கள். தானே மேடேறும்! குச்சிகள் விலக விலக, அவை கூம்பின் மெலிந்த பகுதிகளைத்தான் தாங்குகின்றன. அதனால் நடு அச்சு தாழ்கிறது. குச்சி உயர்வதைவிட அது அதிகம் தாழ்ந்தால், எடையின் மையம் இறங்கிக்கொண்டேதான் போகிறது. பக்கவாட்டிலிருந்து கூம்பின் முனையை மட்டும் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

தண்டவாளம் அப்படி விரிவதில்லை. அகலப்பாதையில் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். அங்கே கூம்புக்கு வேறு வேலை. அச்சு இடப்பக்கம் நகர்ந்தால் இடச்சக்கரம் பருத்த பகுதியில் உருளும். ஒரே சுற்றில் அதிக தூரம் போகும். அச்சு வலப்பக்கம் திரும்பி நடுவுக்கு வரும். ரயில் வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது, இந்தச் சரிவுதான் உண்டு. சக்கர விளிம்புதான் வண்டியைப் பிடித்து வைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நேர்ப்பாதையில் அதற்கு அநேகமாக வேலையே இல்லை.