எடைச்சீட்டும் பாசிக்கோடும்

எனக்குப் பழக்கமான பாய்ப்படகுக்காரர்கள் நாலைந்து பேரிடம் இப்போது ஒரு பெருமிதம் தொற்றியிருக்கிறது. படகைக் கட்டிய கம்பெனி அச்சடித்த விவரத்தாளை அவர்கள் நம்புவதில்லை. படகை லாரியில் ஏற்றி எடை மேடைக்குக் கொண்டுபோகிறார்கள். டேப் பிடித்து அளக்கிறார்கள். தாளில் உள்ள எண்ணையும் தாங்கள் கண்ட எண்ணையும் அருகருகே எழுதிவைக்கிறார்கள். தூத்துக்குடி நண்பர் ஒருவர் எடைச்சீட்டை லேமினேட் செய்து படகின் அறைக்குள்ளேயே ஒட்டிவிட்டார். “தாளை நம்பல அண்ணாச்சி, அளந்துட்டோம். இனி என்ன பயம்?” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நிறுத்துப் பார்ப்பதில் லாபம் இல்லை என்று சொல்ல வரவில்லை. கண்ணாடி இழைப் படகு பழசானால் உள்ளடுக்கில் தண்ணீர் ஊறும்; கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். பந்தயத்தில் எடை பார்க்காமல் நியாயமே இல்லை. சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகின் உடல் 35 கிலோவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஈடுகட்ட எடை பொருத்தி அனுப்புவார்கள். அங்கே வெறும் படகை நிறுத்தால் போதும், ஏனென்றால் போட்டி படகுக்கும் படகுக்கும். இதெல்லாம் சரி.

என் பழைய சண்டை வேறு. இவர்கள் நிறுப்பதெல்லாம் காலிப் படகை.

நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரன். பாபநாசத்து அருவி நீரை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் எழுப்பிய நூல் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். இங்கே வீட்டுக்கு ஒருவராவது மில்லில் இருந்திருப்பார். நூலின் கவுண்ட் என்ன என்று கோனில் ஒட்டிய சீட்டைப் பார்த்து மில்காரர் சொல்ல மாட்டார். 120 கஜம் சுற்றி, அந்த ‘லீ’யை நுண்தராசில் போடுவார். 40-ஆம் நம்பர் நூல் என்றால் 25 கிரெயின் இருக்க வேண்டும். அதோடு விடமாட்டார், ஈரம் எவ்வளவு என்று கேட்பார். பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி அடைமழையில் நிறுத்த நூலும் சித்திரை வெயிலில் நிறுத்த நூலும் ஒரே எடை காட்டா. அதனால்தான் பருத்திக்கு 8.5 சதவீத ஈரம் என்று ஒரு கணக்கு வைத்து விலை பேசுகிறார்கள். எந்த நிலையில் நிறுத்தது என்று சொல்லாத எடை எங்கள் ஊரில் எடையாகாது.

நண்பரின் படகுக்கு வருவோம். 24 அடி நீளம். தாளில் 2,000 கிலோ. எடை மேடையில் 2,310 கிலோ வந்தது. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று ஒரு மாதம் புலம்பினார். தண்ணீர் மட்டத்தில் அந்தப் படகின் பரப்பு ஏறக்குறைய 9 சதுர மீட்டர். கடலில் அதை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்த 92 கிலோ வேண்டும். ஆக, அவர் கண்டுபிடித்த மோசடியின் ஆழம் மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. எடை போடுவதற்காக அவர் இறக்கிவைத்தவை என்னென்ன? வெளிமோட்டாரும் பெட்ரோலும், நங்கூரமும் சங்கிலியும், பேட்டரிகள், 100 லிட்டர் குடிநீர், ஐஸ்பெட்டி. அவற்றோடு ஞாயிற்றுக்கிழமை ஏறும் ஆறு பேர். கூட்டினால் 680 கிலோவுக்குக் குறையாது. அது ஏழு சென்டிமீட்டருக்கு மேல் அமிழ்த்தும். கம்பெனி மறைத்ததைப்போல் இரண்டு பங்கை அவரே மறைத்துக்கொண்டார்.

மிதவை ஆழத்தை அளந்த விதம் இதைவிட வேடிக்கை. படகைக் கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, அடிக்கட்டையின் முனையிலிருந்து பக்கத்தில் வரைந்திருந்த நீலக் கோடு வரை டேப் பிடித்தார். 1.20 மீட்டர். தாளிலும் 1.20. “பாத்தியளா, இதுல மட்டும் பொய் சொல்லல!” அந்த நீலக் கோட்டைப் போட்டவன் யார்? அதே கம்பெனி. எதைப் பார்த்துப் போட்டான்? அதே தாளை. தாளைத் தாளோடு ஒப்பிட்டுவிட்டு, படகைத் தாளோடு ஒப்பிட்டதாக நினைத்துக்கொண்டார். தண்ணீர் இந்த விசாரணையில் சாட்சிக்கே அழைக்கப்படவில்லை.

தண்ணீர் பிறகு தானாக வந்து சாட்சி சொன்னது. எங்கள் ஊரைத் தாண்டிப் போகும் தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயல் பக்கம், வற்றுநீர் நேரத்தில், மணல் திட்டுக்கு மேலே ஒரு சாண் மிச்சம் இருக்கிறது என்ற கணக்கில் படகை விட்டார். நானும் இருந்தேன். அடியில் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம், சோற்றுப்பானையைக் கரண்டியால் சுரண்டுவதுபோல. அலையின் இறக்கம் பாதிச் சாணைத் தின்றது. மீதியைத் தின்றது நாங்கள்தான், எங்கள் பிரியாணிச் சட்டியோடு சேர்த்து. (இதே படகைக் காரையார் அணையில் விட்டிருந்தால் நன்னீரில் இன்னும் முக்கால் சென்டிமீட்டர் அமிழ்ந்திருக்கும். அது கிடக்கட்டும்.)

மணலில் உரசினால் பெயிண்ட் போகும், அவ்வளவுதான். எடைச்சீட்டு சொல்லாத இன்னொன்று உயிரைக் கேட்கும். எத்தனை கிலோ என்று தராசு சொல்லும். அந்தக் கிலோ எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இரட்டைத் தளப் படகு. ஓட விட்டுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. காலியாக நிறுத்தால் அதுவும் ஒரு நல்ல எண்ணைத்தான் காட்டியிருக்கும். மேல்தளத்தில் ஆட்கள் நின்று ஒரு பக்கமாக நகர்ந்தால் என்ன ஆகும் என்பது அந்த எண்ணில் இல்லை. 2023 மே 7-இல் தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மாற்றிக் கட்டிய படகுக்குப் பழைய தாளும் பொருந்தாது, பழைய எடையும் பொருந்தாது.

படகைச் சுமையோடுதான் பார்க்க வேண்டும் என்பதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பாய்மரக் கலங்கள் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று காட்டும் குறி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டமே சொன்னது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போன தூத்துக்குடித் தோணியில் சரக்கு ஏற ஏற, கண் போகவேண்டிய இடம் பக்கப் பலகையும் தண்ணீரும் சேரும் இடம். காலித் தோணி எத்தனை டன் என்பது அங்கே யாருக்கும் பொழுதுபோகாதபோது பேசுகிற பேச்சு.

“சுமை நாளுக்கு நாள் மாறும், அதனால் காலிப் படகுதான் ஒப்பிடத் தோதானது” என்று நண்பர் வாதிட்டார். ஒப்பிடத் தோதுதான், விற்கவும் வாங்கவும். கடலுக்குப் போகத் தோதா? எல்லாரையும் ஏற்றி, வழக்கமான இடத்தில் உட்காரவைத்து, முன்னும் பின்னும் இரு பக்கமும் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை நாலு அளவு எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? கால்மணி. எடை மேடைக்கு லாரி பிடித்துப் போய்வர அவருக்கு ஒரு முழு நாள் ஆயிற்று.

அந்தக் கால்மணி வேலைகூடத் தேவையில்லாமல் இருந்தது. எட்டு மாதம் தண்ணீரிலேயே கிடந்த படகைக் கரையேற்றியபோது, நீலக் கோட்டுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்குப் பச்சைப் பாசி பட்டையாகப் படிந்திருந்தது. படகு தன் கணக்கைத் தானே எழுதி வைத்திருந்தது. போன மாதம் நண்பர் படகை விற்றுவிட்டார். விற்பதற்கு முன்னால் முதல் வேலையாக அந்தப் பாசியைத்தான் தேய்த்துக் கழுவினார். எடைச்சீட்டு மட்டும் லேமினேஷன் கலையாமல் புதுச் சொந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்தது.