அஞ்சலில் சேராத மடல்கள்

தமக்கையார் எழுதினார், அனுப்பவில்லை. பெற்றோரின் மறைவும், வீடு கைமாறிய துயரமும் உருது மொழியில் கடிதங்களாகிப் பாகிஸ்தானிலேயே தங்கிவிட்டன. பல ஆண்டுகளுக்குப் பின்னரே அவை தங்கையின் கைக்கு எட்டின. அவற்றைக் கொண்டு 2004ஆம் ஆண்டு எட்டு அச்சோவியங்களைப் படைத்தார் ஸரீனா ஹாஷ்மி. 'வீட்டிலிருந்து வந்த கடிதங்கள்' என்று அத்தொகுதிக்குப் பெயரிட்டார்.

1937இல் அலிகரில் பிறந்தவர் அவர். தந்தையார் அங்குள்ள முஸ்லிம் பல்கலைக் கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். மகள் பயின்றதோ கணிதம்! அரசுத் தூதரக அலுவலரை மணந்து பாங்காக், பாரிஸ், டில்லி என ஊர் ஊராகக் குடித்தனம் நடத்தினார். பின்னர் நியூயார்க்கில் நெடுங்காலம் வாழ்ந்து, 2020இல் லண்டனில் மறைந்தார். அவர் இல்லாத வேளையில், 1959இல், பெற்றோர் கராச்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்.

இந்தியப் பிரிவினையின் ஓவியர் என்று அவரைக் குறிப்பிட்டு நிறுத்திக் கொள்வோர் பலர். 2001இல் அவர் செதுக்கிய எல்லைக் கோடு புகழ் பெற்றதுதான். எனினும் அக்கோட்டை வரைபடப் புத்தகமும் காட்டும். 1997இல் அவர் வரைந்த 'நான் அமைத்த வீடுகள்' அத்தகையதன்று. தாம் வாழ்ந்த வீடுகளின் தரைப்படங்களை மட்டும் அவர் அதில் தருகிறார். மனித உருவம் ஒன்றுகூட இல்லை. ஆயினும் கணவரின் பணி நிமித்தம் ஊர் மாறி, ஒவ்வோரிடத்திலும் அடுப்படியைப் புதிதாக அமைத்த பெண்மணி எவரும் அக்கோடுகளில் தம்மைக் காண்பார்.

1999இல் வெளிவந்த முப்பத்தாறு மரச்செதுக்கு அச்சுகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உருதுச் சொல் துணை நிற்கிறது: வீடு, வாசற்படி, முற்றம், தொலைவு, எல்லை... சொல்லை அகற்றிவிட்டால் சில படங்கள் வெறுங் கோடுகளாய் நின்றுவிடும் என்பது என் குறை. திருமறை ஓதிப் பழகிய நம் இல்லத்துப் பெண்டிர் அவ்வெழுத்துகளை ஓரளவு கூட்டிப் படித்துவிடுவர், பொருள்தான் பிடிபடாது. அந்நிய ஊரில் நாட்களைக் கழித்தவருக்கு அந்தத் தவிப்பும் பொருத்தமானதே.

உடன்பிறந்தவரின் அந்தரங்கத் துயரைச் சுவரில் மாட்டலாமா என்று நம்மவருள் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆனால் ஸரீனா செய்திருப்பதைப் பாருங்கள். தமக்கையின் கையெழுத்தின்மீது வீட்டின் தரைப்படத்தையும் ஊரின் வரைபடத்தையும் கருமையாய் அச்சிடுகிறார். அக்கோடுகள் வரிகளை மறைக்கின்றன. எழுதியவரின் கை நடந்த நடை தெரிகிறது; எழுதிய செய்தி முழுவதும் தெரிவதில்லை. படிக்க உரியவர் அதனை முன்பே படித்துவிட்டார்.