விழாக்களும் போட்டிகளும்: தனிப் படைப்பாளியின் வரவும் செலவும்

தயாரிப்பு நிறுவனமோ பதிப்பகமோ பின்னால் இல்லாமல், சொந்தப் பணத்திலும் நண்பர்களின் உழைப்பிலும் படைப்பவர்களுக்கு வெளியுலகின் முதல் வாசல்களாக இருப்பவை குறும்பட விழாவும் எழுத்துப் போட்டியும். இரண்டும் இயங்கும் முறை ஒன்றே. ஓர் அமைப்பு விதிகளையும் கடைசித் தேதியையும் அறிவிக்கிறது. வந்து குவியும் படைப்புகளை முதற்கட்டத் தேர்வுக் குழு வடிகட்டுகிறது. மிஞ்சியவற்றிலிருந்து நடுவர்கள் சிலவற்றைத் தேர்கிறார்கள். அவற்றுக்குப் பரிசோ பிரசுரமோ திரையிடலோ கிடைக்கிறது. இந்த நடைமுறையால் தமிழ் எழுத்தும் சினிமாவும் அடைந்த பயன் பெரிது. ஆனால் அதன் பொருளாதாரம் இன்று தலைகீழாகியிருக்கிறது. முன்பு போட்டி நடத்தியவர் படைப்பாளிக்குப் பணம் கொடுத்தார். இப்போது பல இடங்களில் படைப்பாளி போட்டி நடத்துபவருக்குக் கொடுக்கிறார். இதன் நிறை குறைகளை எடைபோட, பணம் எந்தத் திசையில் போகிறது என்பதே முதல் அளவுகோல்.

இதழ்ப் போட்டியிலிருந்து இணையப் பதிவு வரை

தமிழில் எழுத்துப் போட்டிகளை வளர்த்தவை வார, மாத இதழ்கள். கலைமகள் இதழின் நாவல் பரிசை அகிலனின் 'பெண்' 1946இலும் ராஜம் கிருஷ்ணனின் 'பெண்குரல்' 1953இலும் பெற்றன. கல்கி வெள்ளிவிழா நாவல் போட்டியில் 1966இல் முதல் பரிசு பெற்ற உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்', 1978இல் மகேந்திரன் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. தி. ஜானகிராமன் நினைவாகக் கணையாழி நடத்திய குறுநாவல் போட்டி, வாரத் தொடருக்கும் சிறுகதைக்கும் இடைப்பட்ட ஒரு வடிவத்துக்கு இடம் உண்டாக்கிக் கொடுத்தது. 1990இல் அகிலன் நினைவுப் பரிசு பெற்ற 'ரப்பர்' வழியாகத்தான் ஜெயமோகன் நாவலாசிரியராக அறிமுகமானார்.

இந்தப் போட்டிகளில் எழுத்தாளருக்கு ஆன செலவு தாளும் தபால்தலையும்தான். பரிசுத் தொகை, பரிசீலனை, அச்சு எல்லாம் நடத்தியவர் பொறுப்பு. இதழுக்கும் ஆதாயம் இருந்தது. புதிய எழுத்தாளர் கிடைத்தார். போட்டியைத் தொடர்ந்து வாசகர் எண்ணிக்கை கூடியது. நல்ல கதை சிக்கினால் இரு தரப்புக்கும் லாபம் என்பதால், தேர்வில் இதழ் கவனமாக இருந்தாக வேண்டியிருந்தது.

குறும்பட விழாக்களின் மரபும் இதே காலத்தது. ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் விழா 1954இல் தொடங்கியது. பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் விழாவின் வேர் 1979இல் இருக்கிறது. இந்தியாவில் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்குமான மும்பை சர்வதேச விழா 1990இலும், கேரள மாநில சலச்சித்ர அகாதெமி திருவனந்தபுரத்தில் நடத்தும் விழா 2008இலும், பெங்களூரு சர்வதேசக் குறும்பட விழா 2010இலும் தொடங்கின. இவற்றுக்குப் படம் அனுப்புவது ஒரு காலத்தில் தபால் செலவும் காத்திருப்பும் நிறைந்த வேலை. 2000இல் வந்த வித்தவுட்டபாக்ஸ், 2014இல் வந்த ஃபிலிம்ஃப்ரீவே ஆகிய இணையத் தளங்கள் அதை மாற்றின. முன்னது 2019இல் மூடப்பட்டது. பின்னதே இன்று பெரும்பாலோர் புழங்கும் தளம். மதுரையில் இருப்பவர் ஒரே இரவில் பல நாட்டு விழாக்களுக்குப் படத்தைப் பதிந்துவிட முடிகிறது. திரையரங்கோ பார்வையாளரோ இல்லாமல் யாரும் ஒரு விழாவை அறிவித்துக் கட்டணம் வசூலிக்கவும் முடிகிறது. ஒரே வசதியின் இரு விளைவுகள் இவை.

நிறைகள்

முதல் நன்மை, படைப்பு முடிந்துவிடுகிறது என்பது. தனிப் படைப்பாளிக்குக் கேட்பார் யாருமில்லை. முக்கால்வாசி எழுதிய கதையும் எடிட்டிங் மேசையில் கிடக்கும் படமும் ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றுவிடக்கூடும். கடைசித் தேதி என்ற ஒன்று வந்ததும் இறுதி வடிவம் பற்றிய முடிவுகளை எடுத்தே ஆகவேண்டும். பரிசு கிடைக்காவிட்டாலும் கையில் ஒரு முழுப் படைப்பு மிஞ்சுகிறது. பங்கேற்கும் எல்லோருக்கும் உறுதியாகக் கிடைக்கும் பயன் இது ஒன்றே.

இரண்டாவது, பெயர் தெரியாத வாசிப்பு. கதைத்தாளில் பெயர் இருக்கக்கூடாது, விவரங்களைத் தனித்தாளில் எழுத வேண்டும் என்று கேட்கும் போட்டிகளில், அறிமுகமும் சிபாரிசும் இல்லாத ஒருவரின் கதை பெயர்பெற்ற எழுத்தாளரின் கதைக்குச் சமமாக மேசைக்கு வருகிறது. பெருநகருக்கு வெளியே இருப்பவர்களுக்கும், இலக்கியக் குழுக்களோடு தொடர்பற்ற பெண்களுக்கும், முதல் தலைமுறை எழுத்தாளர்களுக்கும் இது சிறிய நன்மையல்ல.

மூன்றாவது, தொழிலுக்குள் நுழையும் வழி. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி நிகழ்ச்சி இதற்குத் தெளிவான சான்று. அதில் குறும்படங்கள் எடுத்த கார்த்திக் சுப்புராஜ் 2012இல் 'பீட்சா'வையும், நலன் குமாரசாமி 2013இல் 'சூது கவ்வும்' படத்தையும் இயக்கினார்கள். ராம்குமார் அந்நிகழ்ச்சிக்காக எடுத்த 'முண்டாசுப்பட்டி' குறும்படம் 2014இல் அதே பெயரில் முழுநீளப் படமாயிற்று. உதவி இயக்குநராகப் பல ஆண்டுகள் காத்திருந்த பின்னரே படம் கிடைக்கும் என்றிருந்த தமிழ்த் திரையுலகில், கதை சொல்லும் திறனைச் சில நிமிடங்களில் தயாரிப்பாளருக்குக் காட்ட ஒரு வழி பிறந்தது. பலன் தந்தது கோப்பை அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. வாரந்தோறும் படம் பொதுமக்கள் முன் ஒளிபரப்பானதும், தொடர்ந்து எடுத்ததால் கை பழகியதும்தான் அவர்களை வளர்த்தன.

நான்காவது, முறையான தகுதி. ஆஸ்கர் குறும்படப் பிரிவுக்கு, 40 நிமிடத்துக்கு மிகாத ஒரு படம், ஆஸ்கரை வழங்கும் அகாதெமி அங்கீகரித்த விழா ஒன்றில் தகுதிப் பரிசு பெற்றுச் செல்லலாம். பெங்களூரு விழா அந்தப் பட்டியலில் இருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரி மாணவராக சிதானந்த நாயக் எடுத்த 16 நிமிடக் கன்னடப் படம், 2024இல் கான் விழாவின் லா சினெஃப் பிரிவில் முதல் பரிசு பெற்று ஆஸ்கர் தகுதியும் அடைந்தது. ஆனால் அந்தப் பிரிவு திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமானது. ஒரு விழாவின் பெயரைவிட அதன் எந்தப் பிரிவு யாருக்காக என்பது முக்கியம்.

குறைகள்

எண்ணிக்கையே முதல் தடை. 2024 சன்டான்ஸ் விழாவுக்கு 12,098 குறும்படங்கள் வந்தன, 53 தேர்வாயின. ஆயிரத்துக்கு நான்கைந்து என்ற கணக்கு இது. இந்த நெருக்கடியில் நிராகரிப்பு என்பது படத்தின் தரத்தைப் பற்றி ஏறக்குறைய எதையுமே சொல்வதில்லை. எந்த விளக்கமும் இல்லாமல் வரும் மறுப்பைத் தன் திறமைக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு எழுத்தையோ படமெடுப்பதையோ விட்டுவிடுபவர்கள் உண்டு. இந்த நடைமுறையின் மிகக் கொடிய இழப்பு அதுதான்.

இரண்டாவது குறை, மதிப்பெண் முறையில் இருக்கிறது. மூன்று நடுவர்கள் ஒரு கதைக்கு 7, 7, 7 என்றும், மற்றொன்றுக்கு 10, 5, 5 என்றும் கொடுத்தால் முதல் கதை 21 பெற்று வெல்கிறது. இரண்டாவது 20 பெற்றுத் தோற்கிறது. ஒருவரை உலுக்கி மற்றவர்களைக் குழப்பிய கதை விழ, யாரையும் தொந்தரவு செய்யாத கதை எழுகிறது. புதிய நடையும் பழகாத களமும் பெரும்பாலும் அந்தக் குழப்பும் வகையைச் சேர்ந்தவை. இதைப் புரிந்துகொண்ட பங்கேற்பாளர்கள் நாளடைவில் போட்டிக்கென்றே எழுதுகிறார்கள். கடைசிப் பத்தியில் திருப்பம், எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சமூகக் கருத்து, சொல் எண்ணிக்கைக்குள் அடங்கும் ஒற்றைச் சம்பவம் என்று ஓர் அச்சு உருவாகிவிடுகிறது. குறும்படத்தில் அதற்கு இணை, வெளிநாட்டு நடுவருக்கு எளிதில் புரியும்படி வறுமையையும் சடங்கையும் விளக்கிக் காட்டுவது.

தமிழ்ப் படங்களுக்கு மொழி சார்ந்த தடையும் உண்டு. வெளிமாநில, வெளிநாட்டு நடுவர் பார்ப்பது ஆங்கிலத் துணைத்தலைப்பு வழியாகத் தெரியும் படத்தை. நெல்லைப் பேச்சுக்கும் கொங்குப் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு, ஒருவர் 'நீங்க'வை விட்டு 'நீ' என்று மாறும் கணத்தின் கனம், இவை அதில் கரைந்துபோகின்றன. நல்ல மொழிபெயர்ப்புக்குச் செலவிட முடியாதவரின் படம் பார்க்கப்படும் முன்பே பாதி தோற்றுவிடுகிறது.

மூன்றாவது, கட்டணம். கட்டணம் வாங்குவதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. அரங்க வாடகை, ஊழியர் சம்பளம், திரையிடல் தரத்துக்கான ஏற்பாடுகள் எல்லாம் செலவுதான். ஆனால் விழாவின் வருமானம் முழுவதும் விண்ணப்பங்களிலிருந்தே வருமானால், நல்ல படத்தைத் தேடுவதைவிட அதிக விண்ணப்பங்களைத் தேடுவதே லாபம் என்றாகிறது. இதன் உச்சம், திரையிடலே இல்லாமல் மாதந்தோறும் நடக்கும் இணைய 'விழாக்கள்'. பிரிவுகளைப் பெருக்கி, அனுப்பியவரில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு பரிசைத் தந்து, சான்றிதழுக்கும் கோப்பைக்கும் தனியாக விலை வைக்கின்றன. போஸ்டரில் விழாத் தேர்வைக் காட்ட வரிசையாக நிற்கும் லாரல் இலைச் சின்னங்களில் பல இப்படி வாங்கப்பட்டவை என்று திரைத்துறையினருக்குத் தெரியும். அதனால் நேர்மையாகப் பெற்ற சின்னத்துக்கும் மதிப்புக் குறைகிறது. ஒரு விழாவுக்குச் சராசரியாக 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், இருபது விழாக்களுக்கு அனுப்பினால் 40,000 ரூபாய். பல தனிக் குறும்படங்களின் மொத்தப் பட்ஜெட்டோடு ஒப்பிடத்தக்க தொகை இது.

பெயர்க் குழப்பம் இந்தச் சுரண்டலுக்குத் துணைபோகிறது. மத்திய அரசு 1969 முதல் வழங்கும் தாதாசாகேப் பால்கே விருதோடு தொடர்பில்லாத தனியார் விருதுகள் அவர் பெயரிலேயே வழங்கப்படுகின்றன. கான் நகரில் விழா நேரத்தில் நடப்பவை எல்லாம் கான் விழாவின் போட்டிப் பிரிவும் அல்ல. விழாவின் சந்தைப் பகுதியில் படத்தைப் பதிவு செய்ததைத் 'தேர்வு' என்று அறிவிப்பது படைப்பாளி தன்னையும் பிறரையும் ஏமாற்றிக்கொள்வதாகும்.

நான்காவது, உரிமை. போட்டிக்கு வரும் எல்லாப் படைப்புகளும் அமைப்பாளருக்கே சொந்தம் என்ற வரி இன்றும் சில அறிவிப்புகளில் தென்படுகிறது. பரிசு பெறாத கதையையும் அது விழுங்கப் பார்க்கிறது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி பொதுவாக எழுதியவரே முதல் உரிமையாளர். 19ஆம் பிரிவுப்படி உரிமையை மாற்றித் தர எழுத்துப்பூர்வமான, கையெழுத்திட்ட ஆவணம் தேவை. எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்று அது சொல்ல வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, பரப்புக் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றே கொள்ளப்படும். சட்டம் எழுத்தாளர் பக்கம் இருந்தாலும், இணையப் படிவத்தின் ஒப்புதல் கட்டத்தைப் படிக்காமல் தட்டுபவர் வீண் வழக்குக்கு இடம் கொடுக்கிறார். பரிசு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திரைக்கு வந்த 'முள்ளும் மலரும்', ஒரு படைப்பின் மதிப்பு பரிசு நாளில் முடிந்துவிடுவதில்லை என்பதைக் காட்டுகிறது. ஆகவே முதல் பிரசுர உரிமைக்கு மேல், திரைப்பட, மொழிபெயர்ப்பு, ஒலிநூல் உரிமைகளைப் பரிசுத் தொகைக்குள் அடக்கக்கூடாது.

குறும்படத்தில் சிக்கல் வேறு விதம். அதே சட்டம் திரைப்படத்தின் ஆசிரியராகத் தயாரிப்பாளரைக் கொள்கிறது. நண்பர்கள் பணம் போட்டு எடுத்த படத்தில் யார் தயாரிப்பாளர் என்று எழுதி வைக்காவிட்டால், பரிசு வந்த பிறகு பகை வருகிறது. உரிமை பெறாத திரைப்பாடல் ஒன்று பின்னணியில் ஒலித்தாலும் படம் விழாக்களில் தகுதி இழக்கக்கூடும்.

கடைசிக் குறை, காலம். வேறெங்கும் வெளியாகாத படைப்பு வேண்டும் என்ற விதி பரவலானது. முகநூலில் பதிந்த கதையையும் யூடியூபில் ஏற்றிய படத்தையும் பலர் ஏற்பதில்லை. முடிவு வரும்வரை வேறெங்கும் அனுப்ப முடியாமல் கதை மாதக்கணக்கில் முடங்குகிறது. நாட்டு நடப்பைத் தொட்டு எழுதியதாயின், வெளிவரும்போது அதன் சூடும் ஆறிவிடுகிறது.

தேர்வுக்கான அளவுகோல்கள்

இந்த நிறை குறைகளிலிருந்து சில சோதனைகள் கிடைக்கின்றன. சென்ற ஆண்டுகளில் தேர்வானவை எவை, அவை எங்கே திரையிடப்பட்டன அல்லது அச்சாயின என்பதை அமைப்பு வெளியிட்டிருக்க வேண்டும். நடுவர்களின் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். பரிசுத் தொகையும் வழங்கும் நாளும் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். கேட்கும் உரிமை, தரும் பயனுக்குள் அடங்க வேண்டும். கட்டணம் உண்டென்றால், பரிசு பெறாமல் தேர்வு மட்டும் ஆனவருக்கும் திரையிடலோ அரங்க அனுமதியோ கிடைக்க வேண்டும்.

கட்டணமற்ற நல்ல வாய்ப்புகள் இருக்கின்றன. காமன்வெல்த் சிறுகதைப் பரிசு நுழைவுக் கட்டணம் இல்லாதது. ஆங்கிலத்தோடு தமிழ் உள்ளிட்ட பல மொழிகளிலும் கதைகளை ஏற்றிருக்கிறது. சிங்கப்பூரில் 1993 முதல் வழங்கப்படும் தங்கமுனை விருது அந்நாட்டின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளுக்கும் சம இடம் தருகிறது. போட்டி என்ற வடிவமே இல்லாமல் தரத்தை அடையாளம் காட்டவும் முடியும். 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, இதழ்களில் ஏற்கெனவே வெளிவந்த கதைகளைப் படித்து மாதம் ஒன்றைத் தேர்ந்தது. ஆண்டின் பன்னிரண்டிலிருந்து சிறந்ததை அறிவித்துத் தொகுப்பாகவும் கொண்டுவந்தது. எழுத்தாளர் விண்ணப்பிக்கவும் காத்திருக்கவும் வேண்டியதில்லை; தேடும் உழைப்பு தேர்வு செய்பவருடையது.

அமைப்பாளர்களுக்கும் இதில் கடமை உண்டு. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்கேனும் நடுவரின் இரண்டு வரிக் கருத்தை அனுப்புவது, சராசரிக்கு அப்பால் ஒவ்வொரு நடுவரும் தனக்குப் பிடித்த ஒன்றைக் காப்பாற்ற இடம் தருவது, வருமானம் குறைந்தவர்களுக்கும் மாணவர்களுக்கும் கட்டணத்தை விலக்குவது, பரிசு பெறாதவற்றின் மேல் எந்த உரிமையும் கோராதிருப்பது ஆகியவை பெருஞ்செலவு இல்லாமலே செய்யக்கூடியவை.

படைப்பாளியைப் பொறுத்தவரை, போட்டிக்கான தொகையைப் படத்தின் பட்ஜெட்டிலேயே முன்கூட்டி ஒதுக்கி, சில தகுதியான விழாக்களோடு நிறுத்திக்கொண்டு, அதன்பின் படத்தைப் பொதுவெளியில் விடுவதே நலம் தரும் வழி. கதைக்கும் இதே கணக்குப் பொருந்தும்: போட்டியில் வெல்லாத கதை இதழுக்குப் போகலாம், தொகுப்பில் சேரலாம். வாசகரையும் பார்வையாளரையும் விரைவில் கொண்டுவந்து சேர்க்கும் போட்டி பயனுள்ளது. அவர்களை அடையவிடாமல் பணத்தையும் காலத்தையும் உரிமையையும் எடுத்துக்கொள்ளும் போட்டியை, அதன் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தவிர்க்க வேண்டும்.