அம்மா இல்லாத முட்டை

'ஏலியன்' (1979), 'ஏலியன்ஸ்' (1986) ரெண்டையும் ஒரே வாரத்தில் மறுபடி பார்த்தேன். இரண்டாவதுதான் பெரிய படம் என்று ஆபீஸில் அடித்துச் சொல்வார்கள். ராணுவம், துப்பாக்கி, கடைசியில் ராணி. எனக்கு அந்த ராணிதான் பிரச்சினை.

ரிட்லி ஸ்காட்டின் படத்தில் முட்டைகளை இட்டது யார் என்று யாரும் சொல்வதில்லை. கப்பல் ஊழியன் கேன் குனிந்து பார்க்கிறான், முட்டை திறக்கிறது, அவ்வளவுதான். ஒரு உயிர் இப்படிக் காத்துக் கிடக்குமா என்றால், கிடக்கும். பட்டுப்பூச்சி முட்டைக்குள் கரு ஆரம்பத்திலேயே வளர்ச்சியை நிறுத்திவிட்டு, தன் கிளைக்கோஜனை சார்பிட்டாலாகவும் கிளிசராலாகவும் மாற்றிக்கொண்டு குளிர்காலத்தைத் தாண்டும். ஏடிஸ் கொசு முட்டை காய்ந்த வாளியில் மாதக்கணக்கில் ஒட்டியிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அம்மாக்காரி எப்போதோ செத்திருப்பாள்.

ஒட்டுண்ணிக் குளவிகள் இன்னும் விசித்திரம். நம்மூர் கரும்புத் தோட்டங்களில் இடைக்கணுப் புழுவுக்கு எதிராக அட்டையில் ஒட்டிக் கட்டிவிடுவார்களே, அந்த டிரைக்கோகிரம்மா ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்துப்பூச்சி முட்டையின் மேல் ஏறி நடந்து, உணர்கொம்பால் தட்டித் தட்டி அளக்கும். அந்த அளவைப் பார்த்துத்தான் உள்ளே எத்தனை முட்டை வைப்பது என்ற கணக்கு. கோபம் இல்லை, வன்மம் இல்லை. வைத்துவிட்டு அடுத்த முட்டைக்குப் போய்விடும்.

அட்டை தயாரிக்கிற முறைதான் என்னை உலுக்கியது. அரிசி அந்துப்பூச்சி முட்டைகளைப் புற ஊதா ஒளியில் காட்டி உள்ளிருக்கும் கருவைக் கொன்றுவிடுவார்கள். புழு வராது. ஆனால் சத்து அப்படியே இருக்கும், குளவிக் குஞ்சு தின்று வளர. படத்தில் அந்த வேலையைச் செய்வது கம்பெனி: உயிரினம் பத்திரமாக வந்து சேரணும், ஊழியர்கள் போனால் பரவாயில்லை. சம்பளக்காரனாகப் பார்த்தால் அந்த ஏழு பேரும் அட்டையில் ஒட்டிய முட்டைகள்தான். அங்கே வில்லன் என்று கைகாட்ட ஒரு முகம்கூட இல்லை, ஒரு உத்தரவுதான்.

ஜேம்ஸ் கேமரூன் இதற்குள் தேனீக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தார். ராணி வந்ததும் பிள்ளைப் பாசம், பழிவாங்கல், தாய்க்கும் தாய்க்கும் சண்டை. ரிப்ளி முட்டைகளை எரிக்கும்போது ராணியின் ஆத்திரம் நமக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்த பிறகு என்ன பயம்? விசில் அடிக்கலாம், நானும் அடித்தேன்.

முதல் படத்தில் வெட்டப்பட்ட ஒரு காட்சி 2003-இல் இயக்குநர் பதிப்பில் திரும்ப வந்தது. சுவரோடு ஒட்டிக் கிடக்கும் ப்ரெட்டின் உடலே முட்டையாக மாறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் டல்லாஸ் தன்னைக் கொன்றுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். அங்கேயும் அம்மா கிடையாது. ரிப்ளி நெருப்பை வைத்துவிட்டு ஓடுகிறாள்.