கடாரப் படையெடுப்பு: நாம் கற்பித்ததும் சான்று கூறுவதும்

கி.பி. 1025இல் முதலாம் இராசேந்திரன் கடாரத்தை வென்ற செய்தியை மலேசியத் தமிழர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நாமும் பல்லாண்டுகள் வகுப்பறையில் அவ்வெற்றியைக் கலங்களின் அணிவகுப்பு, கடல்வழி, போர்க்காரணம் ஆகிய அனைத்தோடும் விரித்துரைத்திருக்கிறோம். முனைவர் பட்ட ஆய்வுக்காக மூலச் சான்றுகளைப் படிக்கப் புகுந்தபோதுதான், அவ்விரிவுரையின் பெரும்பகுதி நம் கற்பனையே என்பது புலப்பட்டது.

இப்படையெடுப்பை விரித்துக் கூறும் தலையாய சான்று இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியே. பல கலங்களைக் கடலில் செலுத்தியதையும், கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும், வென்ற ஊர்களின் பெயர்களையும் அது கூறுகிறது. கலங்கள் எத்தனை, படை எவ்வளவு காலம் தங்கியது என்பன அதில் இல்லை. மெய்க்கீர்த்தி புகழ்பாட எழுந்த வகை என்பது தமிழாசிரியர் அறிந்ததே. தோற்றவர் தரப்பில் அப்போரைக் கூறும் கல்வெட்டு இதுவரை கிடைக்கவில்லை.

ஊர்ப்பெயர்களின் நிலையும் இதுவே. மாநக்கவாரம் நிக்கோபார் தீவுகள் என்பதில் கருத்து வேறுபாடு அரிது. மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு ஆகியன எவ்விடங்கள் என்பதில் இன்றும் தெளிவில்லை. ஏன், கடாரத்தையே பர்மாவின் பெகு எனக் கொண்ட அறிஞரும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தனர். ஸ்ரீவிசயம் என்பதை 1913இல் கெர்ன் ஓர் அரசனின் பெயராகக் கருதினார். அது ஒரு நாட்டின் பெயர் என்று 1918இல் ஜார்ஜ் செதேஸ் நிறுவினார். இன்று நாம் உறுதியெனக் கொள்வது அத்துணை அண்மைக் காலத்தது.

போர்க்காரணமே பெருஞ்சிக்கல். 1006ஆம் ஆண்டளவில் கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்தவிகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடையளித்தான். தந்தையின் அக்கொடையை நிலைபெறச் செய்தவன் இதே இராசேந்திரன். கீழைக்கடல் வாணிகத்துக்கு ஸ்ரீவிசயம் தடையானது அல்லது மன்னன் திசைவெற்றியை விரும்பினான் என்பது நீலகண்ட சாஸ்திரியார் கருத்து. கொள்ளைப்பொருளே நோக்கம் என்றார் ஸ்பென்சர். 1090இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்தரசனின் வேண்டுகோளை ஏற்று, அவ்விகாரத்துக்குரிய ஊர்களின் வரிவிலக்கை உறுதிசெய்தான். நட்பு, போர், மீண்டும் நட்பு. இடைப்பட்ட திருப்பங்களைச் சான்றுகள் விளக்குவதில்லை.

அச்செப்பேட்டைப் பாடமாக நடத்திய ஒருநாள், விகாரம் எடுப்பித்த அரசமரபோடு போர் ஏன் என்று மாணவி ஒருவர் வினவினார். மூன்று விளக்கங்களையும் கரும்பலகையில் எழுதி, எதற்கும் நேர்ச்சான்று இல்லை என்றோம். தேர்வுத்தாளில் பெரும்பாலோர் முதலாவதை மட்டும் ஐயமின்றி எழுதியிருந்தனர்.