கதைச் சுருக்கம் வரைக

அடுத்த வீட்டுப் பையன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். சென்ற வாரம் நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். "மாமா, இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா, பாருங்கள்" என்றான். வகுப்பில் படித்த கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதைக்கு அவன் எழுதிய சுருக்கம். தீபாவளிச் சமயத்தில் ஓர் அநாதைச் சிறுவன் ஏழை வீட்டுக்கு வருகிறான். தாயம்மாள் அவனைக் குளிப்பாட்டுகிறாள். கணவனுக்கென்று வாங்கியிருந்த துண்டை அவனுக்குக் கொடுக்கிறாள். நீதி: ஏழைகளுக்கு உதவ வேண்டும். ஒரு பிழைகூட இல்லை. கதையைத்தான் காணோம்.

"துண்டைக் கொடுக்கும்போது அவள் மனசு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டேன்.

"அதைப் பரீட்சையில் கேட்க மாட்டார்கள், மாமா."

'உணர்ச்சி அறிவு' என்று இப்போது கல்வியாளர்கள் நிறையப் பேசுகிறார்கள். 1990-இல் சலோவே, மேயர் என்ற அமெரிக்க உளவியலார் இருவர் அதற்கு இலக்கணம் வகுத்தார்கள். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் அதை ஊரெங்கும் பரப்பிற்று. தன் மனத்தையும் பிறர் மனத்தையும் அறிந்து நடப்பதே அதன் சாரம். நமக்கு இது அடியோடு புதிதல்ல. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்கள் காட்டுகிறார். அழுகை என்றால் இழிவால் வந்ததா, இழப்பாலா, தளர்ச்சியாலா, வறுமையாலா என்று பார்க்க வேண்டும். 'வருத்தமாக இருந்தது' என்று எழுதி முடித்துவிடும் மாணவனுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

கதை படித்தாலே மனசு விரிந்துவிடும் என்று எழுத்தாளர்களாகிய நாங்கள் பெருமை கொள்வதுண்டு. 2013-இல் நியூயார்க்கைச் சேர்ந்த கிட், கஸ்தானோ என்ற இருவர், இலக்கியக் கதைகளில் சில பக்கங்கள் படித்தவர்கள் பிறர் கண்களைப் படத்தில் பார்த்தே உணர்ச்சியை ஊகிப்பதில் சற்றுத் தேறினார்கள் என்று எழுதினார்கள். 2016-இல் வேறு சிலர் அதே சோதனையைச் செய்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. கதை, விழுங்கியதும் வேலை செய்யும் மாத்திரை அல்ல. எப்படிப் படித்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பையனிடம் கதையின் முடிவைக் காட்டினேன். பணக்கார வீட்டுக்கு ஒரு ராஜா வந்திருக்கிறாராம். தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சிறுமி மங்கம்மாள் சொல்கிறாள். "இது போட்டியா, பெருமிதமா, அன்பா? முதல் பக்கத்தையும் பார்த்துவிட்டுச் சொல்" என்றேன்.

அவன் திரும்பப் படித்தான். பிள்ளைகள் 'உன்னிடம் இருக்கிறதா, என்னிடம் இருக்கிறது' என்று போட்டியிடும் விளையாட்டில் அல்லவா கதை தொடங்குகிறது!

"முதலில் சட்டையைச் சொல்லிப் போட்டி போட்டார்கள். இப்போது அந்தப் பையனையே தங்கள் சொத்தாகச் சொல்கிறாள், மாமா. அவன் அவர்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான்" என்றான்.

இதில் எது வாசிப்புத் திறன், எது உணர்ச்சி அறிவு? பிரித்துக் காட்ட என்னால் முடியவில்லை. இரண்டுக்கும் தனித்தனிப் பாடவேளை கேட்கிறவர்கள் முதலில் வினாத்தாளைத் திருத்தட்டும்.

போகும்போது பையன் வாசலில் நின்றான். "எங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவன் இருக்கிறான், மாமா. இந்தப் பாடம் நடந்தபோது அவன் தலையே நிமிரவில்லை. எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது."

அவனுடைய சுருக்கத்துக்கு ஆசிரியர் எத்தனை மதிப்பெண் போட்டாரோ, நான் கேட்கவில்லை.